பச்சை வந்த பிறகு அரை நிமிடம்

அந்த ஒரு வரியை எழுத அவளுக்குப் பதினோரு வினாடி ஆனது. எழுதாமல் தள்ளிப்போட்டது மூன்று வாரம்.

வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். அலுவலகத்திலும் அதே பெயர்தான், ஏனென்றால் அலுவலகம் என்பது அக்காள் வீட்டு மாடி, முதலாளி அக்காளின் கணவர். அத்தான் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் விற்றார். ஐந்து கூடங்கள் வாங்கியிருந்தன. "எங்க டீம் எழுதுது" என்று வெளியே சொல்லிக்கொள்வார். இயற்பியல் படித்த அந்த டீம் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு படியேறி வரும். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசும். போன் அடித்தால் வேறு யாராவது எடுக்கமாட்டார்களா என்று பார்க்கும்.

மென்பொருள் செய்த வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. மெஷின் ரத்தத்தைச் சோதித்து, முடிவுகளை ஒவ்வொன்றாகக் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு வரியாக வந்து பச்சையாகும். ஆபத்தான முடிவாக இருந்தால் டாக்டரின் மேசைத் திரையில் சிவப்பாக மின்னும். இந்தப் பச்சைக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாத ஒரு பின்வேலை உண்டு. வந்த முடிவுகளை வரிசையில் நிறுத்தி, டாக்டர் அறையிலிருக்கும் பெரிய கணினியில் ஒவ்வொன்றாக எழுதிவைக்கும் வேலை. அதற்கு அரை நிமிடம் வரை பிடிக்கும். அதனால் மேல்மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடச் சொன்னால், மென்பொருள் உடனே மூடாது. கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் மூடும். அந்த அரை நிமிடமும் திரை வெளிறி, அசையாமல் நிற்கும்.

முதலில் வாங்கிய கூடத்தின் டாக்டருக்கு அதுதான் பிடிக்கவில்லை. அத்தானுக்குப் போன் போட்டார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா உன் சாப்ட்வேர், விருந்தாளி மாதிரி இருக்கு! போறேன் போறேன்னு சொல்லிட்டு வாசப்படியில நின்னு கதை பேசுது."

அத்தான் சிரித்தார். போனை வைத்ததும் சிரிப்பையும் வைத்துவிட்டார்.

"சின்னவளே, கேட்டியா?"

கேட்டாள். முதல் வாரம் ஒரு வழி செய்தாள். குறியை அழுத்தியதும் திரை மட்டும் மறைந்துவிடும். பின்வேலை மறைவில் நடந்து முடிந்து, பிறகு தானாக அடங்கும். அவளுக்கே பிடித்துப்போன வேலை அது. ஆனால் டாக்டர் மூடிய கையோடு மறுபடி திறந்து பார்க்கிறவர். 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று செய்தி வந்தது.

"செத்தும் சாகலேங்குதே, இதென்ன பேயா?" என்றார் டாக்டர். ஸ்பீக்கரில்தான்.

இரண்டாவது வாரம், 'முடித்துக்கொண்டிருக்கிறேன், பொறுத்திருக்கவும்' என்று ஒரு சிறிய பலகையைக் காட்டவைத்தாள். பொறுக்கச் சொல்ல அது யார் என்று கேட்டார் டாக்டர். மூன்றாவது வாரம் அத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. குறியை அழுத்தினா போகணும். அவ்வளவுதான்."

ஒரு மென்பொருள் தன்னைத்தானே மூடிக்கொள்ள அதன் நிரலுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உள்ளே இருக்கிற எல்லாரையும் கிளம்பலாமா என்று கேட்பது. அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், பால் பொங்கி இறக்கும்வரை நிற்பது. இன்னொன்று யாரையும் கேட்பதில்லை. பாதிப் படியில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தாலும், படி உட்பட வீட்டையே இல்லாமல் ஆக்கிவிடும். அதற்கு ஒரே வரி போதும்.

"அத்தான், அது மூடுறது இல்ல. கொல்றது."

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாத. கம்ப்யூட்டர் கேஸ் போடாது."

"பின்னாடி எழுதிட்டு இருக்கறது அறுந்துடும்."

"எப்ப அறும்? ரிசல்ட் வந்த அதே நிமிஷம் மூடினாத்தானே? எவன் மூடுவான்? மனுஷன்னா வேலை முடிஞ்சதும் சோம்பல் முறிப்பான், போனைப் பார்ப்பான், டீ வந்துச்சான்னு கேப்பான். அதுக்குள்ள உன் அரை நிமிஷம் மூணு தடவை ஓடிடும். போடு."

போட்டாள். மேலே, நிரலைப் படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற குறிப்பாக, தேதியோடு எழுதினாள்: 'இது முறையான மூடல் அல்ல. கேட்டுக்கொண்டதால் போட்டது. பின்வேலை அறும்.' அந்த நிரலைப் படிக்க உலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அன்று சனிக்கிழமை. ஐந்து கூடங்களுக்கும் புதிய பதிப்பு போய்ச் சேர்ந்தது. படி இறங்கும்போதுதான் அவளுக்கு லேப்காரம்மாவின் ஞாபகம் வந்தது.

லேப்காரம்மா என்பது அத்தான் வைத்த பெயர். அந்த முதல் கூடத்தில் காலை முறை பார்க்கிறவள். பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிற கை. மென்பொருளைப் பழக்கிக்கொடுக்கப் போன நாளில் சின்னவளின் கூச்சத்தைப் பார்த்துவிட்டு, "என்னைப் பார்த்து ஏன்மா பயப்படுற? இன்னிக்கு ஊசி என் கையிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவளே சிரித்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"பச்சையா வந்துச்சுன்னா?"

"பத்திரமா சேர்ந்துடும் மேடம். அப்புறம் தைரியமா மூடலாம்."

"பச்சை வந்தா மூடலாம்," என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

அன்றைக்கு அது உண்மைதான். மென்பொருள் எழுதி முடிக்கும்வரை நிற்கும்.

லேப்காரம்மா சோம்பல் முறிக்கிற ஜாதி இல்லை. கடைசி முடிவு பச்சையாகும். மறுநொடி மூடுவாள். பிறகு விசைப்பலகையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பாள், கையைக் கழுவுவாள், போவாள். ஏன் இவ்வளவு அவசரம் என்று சின்னவள் கேட்டதற்கு, "நோயாளி பேரு திரையில கிடக்கக் கூடாதும்மா. போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான். அவங்க வீட்டு ரகசியம் அது" என்றாள்.

அவளுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். பச்சை வந்த பிறகு அரை நிமிடம் பொறுங்கள் என்ற ஒரு வாக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வேறு ஒரு கூடத்தில் அச்சு இயந்திரம் மக்கர் செய்தது. செவ்வாய்க்கிழமை போனைக் கையில் எடுத்து, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்து, வைத்துவிட்டாள். அதன் பிறகு மறந்தே போனாள்.

ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

எட்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவரின் ரத்தம் மதியம் ஒன்றே முக்காலுக்கு வந்தது. பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. இதயம் எந்த நிமிடமும் தடுமாறலாம் என்ற அளவு. முன்பெல்லாம் இப்படி வந்தால் லேப்காரம்மா டாக்டருக்குப் போன் செய்துவிடுவாள். மென்பொருள் வந்த பிறகு டாக்டர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: 'போன் செய்ய வேண்டாம். திரையில் வரும்.' ஆகவே போன் செய்யவில்லை. பச்சை வந்தது. மணி இரண்டு. மூடினாள், துடைத்தாள், கழுவினாள், போனாள்.

டாக்டரின் திரையில் ஒன்றும் மின்னவில்லை. ஐந்து மணிக்கு, முடிவை வாங்க வந்த ஓட்டுநர் கூடத்தின் வரவேற்பறையில் நாற்காலியோடு சாய்ந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார், ஐந்து நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு. அதுவரை நல்லது. ஆனால் அவர் மகன்கள் இரண்டு பேர் கூடத்தின் வாசலில் நின்று, மதியம் கொடுத்த ரத்தம் எங்கே போனது என்று கத்தினார்கள். பெரிய கணினியில் தேடினால் அப்படி ஒரு சோதனை நடந்ததாகவே இல்லை. மெஷினைக் கேட்கலாமென்றால் அது கிழட்டு மெஷின். கடைசி இருபது முடிவுகளுக்கு மேல் அதன் மண்டையில் தங்காது. விடிவதற்குள் இருபதும் மாறிப்போயிருந்தன.

"ரத்தத்தை மெஷின்ல ஓட்டவே இல்ல, மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா," என்றார் டாக்டர் போனில். "இருந்தாலும் உன் பக்கம் ஒருதடவை பார்த்துச் சொல்லு. நாளைக்கு விசாரணை வச்சிருக்கேன்."

அத்தான் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "லாக் எடு. நம்ம மேல தூசி படக் கூடாது."

லாக் என்பது மென்பொருள் தனக்குத்தானே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பு. இத்தனை மணிக்குத் திறந்தேன், இந்த முடிவு வந்தது, இத்தனை மணிக்கு மூடினேன். சின்னவள் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்று ஐம்பத்தெட்டோடு முடிந்திருந்தது. பொட்டாசியம் இல்லை. 'மூடினேன்' என்ற வரியும் இல்லை. புதன்கிழமையைப் பார்த்தாள். அங்கும் 'மூடினேன்' இல்லை. ஏழு வாரமாக எந்த மதியத்திலும் இல்லை. நாட்குறிப்பை எழுதுவதும் அதே பின்வேலைதான். கொல்கிற வரி, முடிவைக் கொன்ற கையோடு, முடிவு வந்ததற்கான சாட்சியையும் கொன்றிருந்தது.

மாலை முறைக்காரனின் பக்கங்களைப் பார்த்தாள். எல்லாம் கொழுகொழு என்று இருந்தன. ஒரு முடிவும் விடுபடவில்லை. காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் மென்பொருளை மூடுவதே இல்லை. திரையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன். மறுநாள் காலை லேப்காரம்மா வந்து, கிடக்கிற பெயர்களைப் பார்த்து முகம் சுளித்து, ஒரு தரம் மூடித் திறப்பாள். அதற்குள் இரவு முழுக்க ஓடியிருக்கும். தொலைய ஒன்றும் இருக்காது.

சின்னவள் தன் கணினியில் பத்து பொய் முடிவுகளை அனுப்பிப் பார்த்தாள். பச்சை வந்ததும் மூடினாள். திறந்தாள். மூன்றுதான் இருந்தன. மறுபடி செய்தாள். நான்கு.

"அத்தான்."

"சொல்லு."

"ரிசல்ட் வந்திருக்கு. அவங்க ஓட்டியிருக்காங்க. நம்ம வரிதான் அதைத் தின்னுடுச்சு."

அத்தான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "லாக்ல இருக்கா, வந்துச்சுன்னு?"

"இல்ல. ஆனா..."

"இல்லைன்னா வரலைன்னு அர்த்தம்."

"அர்த்தம் அது இல்ல அத்தான். நான் இப்பச் செஞ்சு பார்த்தேன். பத்துல ஏழு போகுது. அந்தம்மா உடனே மூடுறவங்க. மாலை ஷிப்ட்காரர் மூடவே மாட்டார். அதனாலதான் அவங்களோடது மட்டும்..."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அத்தான் கேட்டதில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். அவளுக்குக் கல்லூரிக்கு இடம் வாங்கித் தந்தவர் அவர்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இங்க பாரு. நாம தப்புன்னு சொன்னா நாளைக்கு அந்த ரெண்டு பசங்களும் இந்த வாசல்ல நிப்பாங்க. உன் அக்காவும் குழந்தைகளும் கீழ இருக்காங்க. அந்தம்மாவுக்கு என்ன, திட்டுவாங்க, ஒரு வாரம் உட்காரவைப்பாங்க. அனுபவசாலி, விட மாட்டாங்க. நீ லாக்கை மட்டும் பிரிண்ட் போடு. பொய்யா எழுதச் சொன்னேனா? உள்ளதை உள்ளபடி போடு."

"அந்த வரியை எடுத்துட்டு, ஒழுங்கா மூடுற மாதிரி எழுதி எல்லா லேபுக்கும் அனுப்பிடலாமா? அதையாவது."

"இப்பவா? விசாரணைக்கு முந்தின நாள் அப்டேட் அனுப்பினா, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு நாமே போய்ச் சொன்ன மாதிரி. ரெண்டு மாசம் போகட்டும்."

சின்னவள் அச்சிட்டாள். ஒரு பக்கம். உள்ளதை உள்ளபடி.

விசாரணை டாக்டர் அறையில் நடந்தது. மூன்று நாற்காலி. டாக்டர், அத்தான், லேப்காரம்மா. சின்னவள் ஓரமாக நின்றாள். லேப்காரம்மா வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டோடுதான் வந்திருந்தாள், விசாரணை முடிந்ததும் வேலைக்குப் போகப்போகிறவள் மாதிரி.

"ஆறு புள்ளி ஒன்பது," என்றாள். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார். பச்சையா வந்துச்சு."

அத்தான் தாளை மேசையில் வைத்து டாக்டர் பக்கம் திருப்பினார்.

"ஓட்டாம எனக்கு எப்படி சார் நம்பர் தெரியும்?"

"சாயங்காலம் ஆஸ்பத்திரியில எடுத்த ரிசல்ட் ஏழுன்னு ஊருக்கே தெரியுமே," என்றார் டாக்டர். "பக்கத்துல ஒரு நம்பர் சொல்ல ஜோசியமா தெரியணும்?"

"மாலை ஷிப்ட்ல இதுவரைக்கும் ஒண்ணு தொலைஞ்சதில்ல டாக்டர்," என்றார் அத்தான் மெதுவாக. "அதே மெஷின். அதே சாப்ட்வேர். ஆள்தான் வேற."

லேப்காரம்மா நாற்காலியில் திரும்பி ஓரத்தில் நின்றவளைப் பார்த்தாள். கையில் அந்தப் பழைய நோட்டு இருந்தது. பக்கத்தைப் பிரித்து அடிக்கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"நீதானேம்மா எழுதினவ. நீதானே சொன்ன? பச்சை வந்தா மூடலாம்னு."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது சின்னவளின் நாக்கில்தான் இருந்தது. அது ஒரே வாக்கியம். சுவரில் ஒட்டிய தாளின் ஒரு மூலை பெயர்ந்து, மின்விசிறிக் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

"பச்சை வந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"வந்தா பத்திரம். இன்னிக்கும் அதேதான். வந்திருந்தா," என்று முடித்துவைத்தார் அத்தான். "சின்னப் பொண்ணு டாக்டர், நாலு பேர் முன்னால பேச வராது அவளுக்கு."

அவர் முடித்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. இனிப் பேச வேண்டியதில்லை. அதற்காக அவள் தன்னைப் பிறகு மன்னிக்கவே இல்லை.

லேப்காரம்மா இன்னும் கொஞ்சநேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாக ஊசிக்குப் பயந்த முகங்களைப் பார்த்தவள். எதையோ கண்டுகொண்ட மாதிரி நோட்டை மூடினாள்.

ஒரு வாரம் உட்காரவைக்கவில்லை. அன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டார்கள். 'கவனக்குறைவு காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் இன்னொரு கூடத்தில் வேலை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை இருக்கிறவரை ஒருவரும் அவள் கையில் ஊசியைக் கொடுக்கமாட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி கூடத்தில், பாவம் அக்காள் வீட்டு மாடியில்.

சின்னவள் மூன்று நாள் சாப்பிட்டாள், தூங்கினாள், படியேறினாள், இறங்கினாள். நான்காவது நாள் எழுதினாள். மூன்று பக்கம். அந்த வரி, அது எந்தத் தேதியில் யார் சொல்லிப் போட்டது, பத்து பொய் முடிவுகளில் எத்தனை தொலைந்தன, காலையில் ஏன் தொலைகிறது, மாலையில் ஏன் தொலைவதில்லை. கீழே முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை லேப்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள்.

இரண்டாம் மாடி, பக்கவாட்டுப் படி. கதவைத் திறந்தவள் நைட்டியில் இருந்தாள். உள்ளே யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"மேடம்..."

"இனிமே என்ன மேடம்? வா, உக்காரு."

உட்காரவில்லை. தாளை நீட்டினாள். லேப்காரம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே, வரி வரியாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"எட்டு வாரத்துக்கு முன்னாடி மாத்தியிருக்க."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. போன் எடுத்தேன். அப்புறம்..." அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள். "கூச்சமா இருந்துச்சு."

லேப்காரம்மா சிரித்தாள். ஊசி கையிலா இருக்கிறது என்று கேட்ட அன்றைய சிரிப்பு இல்லை இது.

"கூச்சம்! அந்த மனுஷன் நெஞ்சு நின்னு போயிருந்தா, உன் கூச்சத்தை எந்தப் பக்கத்துல எழுதியிருப்ப?" கண்ணாடியைக் கழற்றினாள். "விசாரணையில ஒரு வார்த்தை போதும் எனக்கு. 'அவங்க சொல்றது நிஜம்'. அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரல. இப்ப மூணு பக்கம் எழுதிட்டு வந்திருக்க, அட்சரம் பிசகாம. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற."

"மன்னிச்..."

"அதை வேற சொல்லிட்டு அழாத. அப்புறம் நான் உன்னைத் தேத்தணும். எனக்கு இன்னிக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

தாளை மட்டும் வைத்துக்கொண்டாள். படியில் இறங்கும்போது மேலே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கை கழுவுகிறாள்.

செவ்வாய்க்கிழமை லேப்காரம்மாவே போன் செய்தாள். சின்னவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"டாக்டர் கடிதத்தை மாத்திக் கொடுத்துட்டார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார்'னு போட்டிருக்கு. அந்த வார்த்தை போயிடுச்சு."

"வேலை?"

"வேலைக்கு வேற ஆள் போட்டாச்சாம். கேட்டதுக்கு, இதுவே பெரிசு, வெளியில பேசாதேன்னார்."

"என் தாள்?"

"அவர் வாங்கி டிராயர்ல வச்சுட்டார். திருப்பிக் குடுங்கன்னேன். எந்தப் பேப்பர்னு கேட்டார். உங்க அத்தானுக்கும் உடனே போன் போட்டார். நான் அறையில இருக்கும்போதே. பார்த்துக்கோ."

அன்று அத்தான் கத்தவில்லை. மறுநாள் காலை சின்னவள் டப்பாவோடு வந்தபோது, அக்காள் கீழ்ப்படியிலேயே நின்றிருந்தாள்.

"மேல போகாத."

"ஏன்?"

"பாஸ்வேர்டெல்லாம் மாத்திட்டார். வேற ஆள் பார்க்கறாராம்." அக்காள் தங்கையின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள், எதையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. "சோறு போட்ட வீட்டுக்கு இப்படியா பண்ணுவ? யாரோ ஒருத்திக்காக? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"அக்கா, என் கம்ப்யூட்டர்ல திருத்தம் இருக்கு. ஒழுங்கா மூடுறது. அனுப்ப மட்டும்தான் வேணும். அஞ்சு லேப்லயும் பழைய வரி ஓடிட்டு இருக்கு."

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

"அவர்கிட்ட சொல்லு. ஒரே ஒரு பொத்தான்."

"நீ சொன்னன்னு சொன்னா அவர் தொடவே மாட்டார்டி," என்றாள் அக்காள். அது உண்மை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சின்னவள் தெருமுனை டீக்கடை வரை நடந்தாள். கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அவள் போனில் ஐந்து கூடங்களின் எண்களும் இருந்தன, பழக்கிக்கொடுக்கப் போனபோது சேர்த்தவை. ஒன்றைக்கூட அவளாக அழைத்ததில்லை. ஒரு பழைய ரசீதின் பின்புறம் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டாள்: 'பச்சை வந்த பிறகு அரை நிமிடம் பொறுத்து மூடுங்கள்.' பிறகு அழைத்தாள்.

முதலில் எடுத்த பெண், "கம்பெனியிலேர்ந்தா பேசுறீங்க?" என்றாள். இல்லை என்றதும், "அப்ப நீங்க யாரு சொல்றதுக்கு?" என்று வைத்துவிட்டாள். சின்னவள் மறுபடி அழைத்தாள். அந்தப் பெண் மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை, "சரி, சரி, எழுதிக்கிட்டேன், விடுங்க" என்றாள். இரண்டாவது இடத்தில் உடனே எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில், "இதை எழுத்துல அனுப்பச் சொல்லுங்க உங்க சாரை" என்றார்கள். நான்காவதில் ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அரை நிமிஷம்தானேம்மா, ஒரு நிமிஷமே இருக்கச் சொல்றேன்" என்றார்.

ஐந்தாவது, லேப்காரம்மாவின் கூடம். மாலை முறைக்காரன் எடுத்தான். இப்போது காலை முறையும் அவனே பார்க்கிறானாம். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

ரசீதைப் பார்த்து, எழுதியதை அப்படியே படித்தாள்.

"மூடுறதா?" என்றான் அவன். "நான் அதை மூடுறதே இல்லையேம்மா. அந்த அம்மாதான் ஒவ்வொரு தடவையும் மூடிட்டுப் போகும். அதுதான் இப்ப இல்லையே."